எதிர் அணிக்காரர் பக்கத்தில் ஒரு நாற்காலி

(நம் குடியிருப்பின் விளையாட்டு விழா பரிசளிப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை. இதழுக்காகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)



பரிசு கொடுப்பதற்கு முன்னால் பேசுகிறவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியவன் நான். பிள்ளைகளே, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கிங் மூலையில் சங்கம் புதிதாக ஒரு கூடைப்பந்து ரிங் போட்டுத் தந்திருக்கிறது. கோடை விடுமுறையில் ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் ஆட்டம் நடத்தப் போகிறோம். கமிட்டிக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. ஏ பிளாக்காரர்களுக்கு ஜெனரேட்டர் ரூம் பக்கம் நாற்காலி, பி பிளாக்காரர்களுக்கு கேட் பக்கம் நாற்காலி, நடுவில் கயிறு, அப்போதுதான் சண்டை வராது என்றார்கள். நல்ல எண்ணத்தில் சொன்ன யோசனைதான். ஆனாலும் நாற்காலிகளைக் கலந்து போட வேண்டும் என்று கேட்கத்தான் நான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த ரிங்கைப் பாருங்கள். அதன் பின்னால் ஒரு போர்டு இருக்கிறதே, அது எதற்கு வந்தது தெரியுமா? பந்து பட்டுத் திரும்பி விழ என்பீர்கள். அது இன்றைய பயன். வந்த காரணம் வேறு.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். வெளியே கடுங்குளிர். பையன்களை உள்ளேயே ஓட விட வேண்டும். பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகளை மாடி வராந்தாவின் கைப்பிடியில், பத்தடி உயரத்தில் அறைந்தார். அந்தப் பத்தடிதான் இன்றைக்கும் ரிங்கின் உயரம். ஆட்டம் பரவியதும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கூடைக்குப் பக்கத்திலேயே, மாடி வராந்தாவில் நின்றார்கள். தன் அணியின் பந்து வந்தால் கையை நீட்டி உள்ளே தள்ளிவிடுவது, எதிர் அணியின் பந்து வந்தால் தட்டிவிடுவது என்று ஆரம்பித்தார்கள். இது சரிப்படாது என்று கூடைக்குப் பின்னால் தடுப்பு வைத்தார்கள். முதலில் கம்பி வலை, பிறகு பலகை. ஆக, அந்த போர்டு ரசிகனைத் தடுக்க வந்த சுவர்!

அது மட்டுமில்லை. தொடக்க காலத்தில் பல ஊர்களில் ஆடுகளத்தைச் சுற்றியே வலை கட்டி, கூண்டுக்குள் ஆடினார்கள். அதனால்தான் ஆங்கிலப் பத்திரிகைகள் கூடைப்பந்து வீரர்களைக் கூண்டுக்காரர் என்ற பொருளில் 'கேஜர்' என்று எழுதின. இந்த ஆட்டத்தில் ரசிகன் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறான். கிரிக்கெட்டில் எல்லைக் கோட்டுக்கு வெளியே எங்கோ உட்கார்ந்திருப்போம். இங்கே வீரன் மூச்சு வாங்குவது நம் காதில் விழும். நாம் முணுமுணுப்பது அவன் காதில் விழும்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்தவர்கள் பி.டி. மாஸ்டர்களாகத் தமிழ்நாடு முழுக்கப் போனார்கள். நம் ஊர்ப் பள்ளிகளில் உங்களுக்கு விளையாட்டுச் சொல்லித் தந்தவர்களின் ஆசிரியப் பரம்பரையைத் தேடிக்கொண்டு போனால், பாதிப் பேருக்கு அது அந்தக் கல்லூரியில்தான் போய் நிற்கும்.

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து என்றால் திருவிழா. வட கரோலினா மாநிலத்தில் டியூக் பல்கலைக்கழகமும் வட கரோலினா பல்கலைக்கழகமும் பரம்பரைப் போட்டியாளர்கள். இரண்டுக்கும் இடையே சுமார் பத்து மைல். இங்கிருந்து திருச்செந்தூர் போய்த் திரும்புகிற தூரம் என்று வையுங்கள். டியூக்கின் அரங்கம் 1940ல் கட்டியது. பத்தாயிரம் பேர்கூடக் கொள்ளாது. டிக்கெட்டுக்காக மாணவர்கள் வாரக்கணக்கில் வெளியே கூடாரம் போட்டுக் கிடப்பார்கள். உள்ளே வந்தால் ஆடுகளத்தின் ஓரத்திலேயே நின்றுகொண்டு ஆட்டம் முடியும்வரை உட்காரவே மாட்டார்கள்.

ஃப்ரீ த்ரோ எடுக்கும் நேரத்தில்தான் கூத்து. பதினைந்து அடி தூரம், எதிரே தடுக்க ஆள் இல்லை, பந்தும் ரிங்கும் மட்டும். அந்த நேரத்தில் ரிங்கின் பின்னால் நிற்கும் கூட்டம் கையை ஆட்டும், கத்தும், பலூனைத் தட்டும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் 2013ல் ரிங்கின் பின்னால் ஒரு திரையே கட்டிவிட்டார்கள். எதிர் அணி வீரர் பந்தைக் குறிவைக்கும்போது திரை விலகும், வேஷம் போட்ட யாராவது குதித்து ஆடுவார்கள். 2016 ஜனவரியில் ஒருநாள் திரை விலகியபோது, நீச்சல் உடையும் கழுத்தில் பதக்கங்களுமாக மைக்கேல் ஃபெல்ப்ஸே நின்றார்! பந்து போட வந்த பையன் இரண்டு வீச்சையும் தவறவிட்டான். பாவம், யாராயிருந்தாலும் தவறவிடுவார்கள்.

இதில் தப்பில்லை. கேலி, கூச்சல், ஆரவாரம் எல்லாம் ஆட்டத்துக்கு உப்பு. உப்பின் அளவு என்னவென்று உப்பளம் சூழ்ந்த ஆறுமுகநேரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தின் நடுவே எதிர் அணியின் சட்டை போட்டுக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நான் பேச வந்தது அவர்களைப் பற்றி. அவர்கள் அணி கூடை போட்டால் அரங்கம் அமைதியாகும், இவர்கள் கைதட்டல் மட்டும் தனியாகக் கேட்கும். அரங்கம் எழுந்து கத்தும்போது இவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி உட்கார்ந்து ஒரு ஆட்டம் பார்த்தவருக்கு, தன் கூட்டத்தோடு உட்கார்ந்து நூறு ஆட்டம் பார்த்தாலும் தெரியாத ஒன்று தெரிந்துவிடும். நடுவரின் ஒரே தீர்ப்பு பக்கத்து நாற்காலிக்காரருக்கு எவ்வளவு நியாயமாகத் தெரிகிறது என்பதுதான் அது.

இது வெறும் பேச்சில்லை. 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரண்டு கல்லூரிகளுக்கு இடையே ஒரு ஆட்டம் நடந்தது. கூடைப்பந்து இல்லை, அமெரிக்கக் கால்பந்து. முரட்டு ஆட்டம். பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது. டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. பிரின்ஸ்டன் ஜெயித்தது. அதன் பிறகு இரண்டு கல்லூரிப் பத்திரிகைகளும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டன.

ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரண்டு உளவியல் பேராசிரியர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஆட்டத்தின் ஒரே படச்சுருளை இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, யார் எத்தனை ஃபவுல் செய்தார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் மாணவர்கள் தங்கள் அணி செய்ததாக எண்ணியது சராசரியாக 4.3. அதே படத்தில் பிரின்ஸ்டன் மாணவர்கள் டார்ட்மத் செய்ததாக எண்ணியது 9.8. இரண்டு மடங்குக்கு மேல்! யாரும் பொய் சொல்லவில்லை. அவரவருக்குத் தெரிந்ததைத்தான் எண்ணினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தை வாங்கிப் பார்த்த டார்ட்மத் பழைய மாணவர் ஒருவர், எல்லோரும் சொல்லும் ஃபவுல்கள் இதில் காணோமே, வெட்டி எடுத்த பகுதியை அனுப்புங்கள் என்று தந்தி கொடுத்தாராம்! படத்தில் எதையும் வெட்டவில்லை. அவர் கண்தான் வெட்டியது.

நான் விசில் ஊதிய காலத்தில் இதை ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்த்திருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பக்கத்துப் பெற்றோரும் வந்து, "சார், அவங்களுக்கே சாதகமா ஊதிட்டீங்க" என்பார்கள். இரண்டு பக்கமும் வந்து திட்டினால் ஓரளவு சரியாக ஊதியிருக்கிறோம் என்று நாங்கள் ஆறுதல்பட்டுக்கொள்வோம்.

நடுவரும் மனிதர்தானே. கொரோனா காலத்தில் ஐரோப்பாவில் கால்பந்தை ஆளில்லாத மைதானத்தில் நடத்தினார்கள். அந்த ஆட்டங்களை ஆராய்ந்தவர்கள், உள்ளூர் அணியின் சாதகம் குறைந்ததையும், வெளியூர் அணிக்கு நடுவர் காட்டும் மஞ்சள் அட்டை குறைந்ததையும் கண்டார்கள். கூட்டத்தின் சத்தம் நடுவர் கையைப் பிடித்து இழுக்கிறது என்றுதானே அர்த்தம்?

இந்தப் பக்கச்சார்பு எங்கிருந்து வருகிறது? தேனி மாவட்டம் பெரியகுளத்தில் கோடைதோறும் அகில இந்திய கூடைப்பந்துப் போட்டி நடக்கும். ராணுவம், ரயில்வே, வங்கி என்று எங்கெங்கிருந்தோ அணிகள் வரும். பக்கத்தில் நம் காயல்பட்டினத்தில் நடக்கும் அகில இந்திய கால்பந்துப் போட்டியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நேற்றுவரை பெயர்கூடத் தெரியாத ஒரு அணியை, சட்டை நிறம் பிடித்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தத்தெடுத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவோம். பிரிட்டனில் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற அறிஞர் இதைப் பள்ளிச் சிறுவர்களிடம் சோதித்துப் பார்த்தார். ஒரு அற்பக் காரணத்தைச் சொல்லி இரண்டு குழுவாகப் பிரித்தார். யார் யார் தன் குழு என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள்.

நமக்கு ஏ பிளாக், பி பிளாக் எப்படி வந்தது? புக்கிங் போன அன்று எந்த ஃபிளாட் காலியாக இருந்ததோ அது. அதற்கே, "பி பிளாக்காரங்க எப்பவும் இப்படித்தான்" என்று லிஃப்ட்டில் பேசுகிறோம்.

இது சிரிப்போடு நின்றால் நல்லது. நிற்பதில்லை என்பதுதான் என் கவலை. 2025 மார்ச்சில் நம் மாவட்டத்திலேயே, தேர்வு எழுதப் பேருந்தில் போன பதினோராம் வகுப்பு மாணவனை இறக்கி இழுத்து வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. கபடியில் தங்களைத் தோற்கடித்த ஆத்திரமும் சாதியும்தான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னதை நாம் எல்லோரும் செய்தியில் படித்தோம். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் நிறக் கயிறு கட்டுவதையே தடை செய்யச் சொல்லி 2024ல் பரிந்துரைத்தது. நிறம் பிடித்து அணி சேர்வது எங்கே போய் முடியும் என்று நமக்கு யாரும் வெளிநாட்டு ஆராய்ச்சி காட்ட வேண்டியதில்லை. எதிர் அணி ஜெயித்தால் எப்படி நடந்துகொள்வது என்று பிள்ளைகள் எங்கே கற்பார்கள்? நாம் நாற்காலியில் உட்கார்ந்து கத்துவதைப் பார்த்துத்தான்.

வேறு மாதிரியும் நடக்கும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. 1999 ஜனவரி, சேப்பாக்கம். 1987க்குப் பிறகு இந்திய மண்ணில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய முதல் டெஸ்ட். பாகிஸ்தான் வரக்கூடாது என்று எதிர்ப்பு. டெல்லி கோட்லா மைதானத்தின் ஆடுகளத்தையே சிலர் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதனால்தான் முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. ஊரெங்கும் போலீஸ்.

நாலாம் நாள், ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. ஜெயிக்க 271 ரன் வேண்டும். 82க்கு ஐந்து விக்கெட் போயாயிற்று. முதுகுவலியோடு சச்சின் நிற்கிறார், கூட நயன் மோங்கியா. இருவரும் சேர்ந்து 136 ரன். சச்சின் 136 ரன் எடுத்து சக்லைன் முஷ்டாக் பந்தில் அவுட்டானபோது ஜெயிக்க வேண்டியது பதினேழே ரன், கையில் மூன்று விக்கெட். அந்த மூன்றும் நாலு ரன்னுக்குள் போயின. 258க்கு ஆல் அவுட். பன்னிரண்டு ரன்னில் தோல்வி.

மைதானம் அப்படியே உறைந்து போயிற்று. டி.வி. முன்னால் நாமும்தான் உறைந்து போயிருந்தோம். பிறகு கைதட்டல் கேட்டது. ஒவ்வொரு ஸ்டாண்டாக எழுந்து நின்றது. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது, சென்னைக் கூட்டம் நின்றபடியே கைதட்டிக்கொண்டிருந்தது. இந்தியா ஜெயிக்க வேண்டும் என்று அந்த மக்களுக்கு ஆசை இல்லாமலா? நாலு நாளும் சச்சின் பெயரைச் சொல்லிக் கத்திய அதே வாய்கள்தான். தோற்ற வலியோடேயே எழுந்து நின்றார்கள். அதனால்தான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் அந்த நாளை உலகம் பேசுகிறது.

அடுத்த மாதமே கொல்கத்தாவில் அதே இரண்டு அணிகள் ஆடின. ஷோயப் அக்தர் மீது மோதி சச்சின் ரன் அவுட்டானார். கூட்டம் கொதித்தது, பொருட்கள் பறந்தன. கடைசியில் ரசிகர்களை வெளியேற்றிவிட்டு, காலி மைதானத்தில் ஆட்டத்தை முடித்தார்கள். கொல்கத்தா விளையாட்டு தெரியாத ஊரா? நம்மைவிடத் தெரிந்த ஊர். ஆகவே இது ஊரின் குணம் என்று நாம் மார்தட்ட முடியாது. எந்தக் கூட்டமும் இரண்டில் எதுவாகவும் ஆகலாம். யாராவது முதல் கைதட்டைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் 1904 முதல் கிரிக்கெட் ஆட்டம் நடக்கிறது. கல்லூரி என்று பெயர், இரண்டும் பள்ளிக்கூடங்கள்தான். 'வடக்கின் பெரும்போர்' என்று அதற்குப் பெயர். மேளம், கொடி, ஆட்டம் பாட்டம் எல்லாம் உண்டு. வெளிநாட்டிலிருந்து பழைய மாணவர்கள் இதற்கென்றே ஊர் வருவார்கள். நிஜப் போரை இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கண்ட ஊர் அது. அந்த ஊர்க்காரர்களுக்கு எதிர்ப் பள்ளி இல்லாவிட்டால் இந்தத் திருவிழாவே இல்லை. எதிரணி என்பது நமக்கு ஆட்டத்தைத் தருகிற அணி. அவர்கள் வராவிட்டால் நம் பிள்ளைகள் தனியாக ரிங்கைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஒரு பேச்சுக்குச் சிலர் கேட்கலாம்: "அப்போ நம்ம பிளாக்குக்குக் கத்தவே கூடாதா?" கத்துங்கள், நன்றாகக் கத்துங்கள். என் பேத்தி பி பிளாக் அணியில் ஆடுகிறாள், நானும் கத்தத்தான் போகிறேன். இன்னொரு கேள்வியும் நியாயமானது: "கலந்து உட்கார்ந்தால் வாய்த்தகராறு வராதா?" குடித்துவிட்டு வருகிறவர்களும் பெண்பிள்ளைகளைக் கிண்டல் செய்கிறவர்களும் இருக்கும் கூட்டமானால் தனித்தனியாக உட்காருவதே சரி. பெரிய மைதானங்களில் வெளியூர் ரசிகருக்குத் தனி இடம் ஒதுக்குவது அதற்காகத்தான். நாம் அந்தக் கூட்டமில்லை. ஒரே தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறவர்கள். கயிறு கட்டினால் அந்தக் கயிறு பிள்ளைகள் மனதில் நின்றுவிடும்.

ஆகவே கமிட்டிக்கு என் வேண்டுகோள் நாலு.

ஒன்று, நாற்காலிகளைக் கலந்து போடுங்கள். குடும்பத்துக்கு ஒரு சீட்டு, குலுக்கலில் இடம். பக்கத்து நாற்காலியில் எதிர் பிளாக் குடும்பம் இருக்கட்டும்.

இரண்டு, நடுவரை வெளியிலிருந்து அழையுங்கள். ஸ்கோர் எழுதவும் கடிகாரம் பார்க்கவும் பிளாக்குக்கு ஒருவராக, ஒரே மேஜையில் ஒட்டி உட்காரட்டும்.

மூன்று, எதிரணியின் ஆட்டத்தைக் கேலி செய்யலாம். ஆனால் ஆடும் பிள்ளையின் உடம்பு, நிறம், படிப்பு, குடும்பம் பற்றி ஒரு சொல் வரக்கூடாது. வந்தால் அவர் பக்கத்தில் இருப்பவரே, "அண்ணாச்சி, அது வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். சொந்த பிளாக்காரர் சொன்னால் இன்னும் நல்லது.

நாலு, ஆட்டம் முடிந்ததும் யாரும் உடனே எழுந்து போகக்கூடாது. ஜெயித்த அணியும் தோற்ற அணியும் சேர்ந்து ஒரு சுற்று வரட்டும். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவோம். சேப்பாக்கத்தில் நடந்ததை இந்தப் பார்க்கிங் மூலையில் நடத்த அரைநிமிஷம் போதும்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. அடுத்த ஆட்டத்தில் எதிரணி கூடை போடும்போது அது எப்படிப் போட்டார்கள் என்று கவனியுங்கள். நல்ல கூடையாக இருந்தால் ஒருமுறை கைதட்டுங்கள். கை வலிக்காது. மறுநாள் நீங்களும் அதே மாதிரி போட்டுப் பழகலாம்.

பரிசுகள் காத்திருக்கின்றன.